ஏழாவது வார்டு ஓடும் கார்டு

மணலூற்று நகராட்சியின் ஏழாவது வார்டு, விரல்நக அளவுள்ள ஒரு மெமரி கார்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கார்டு, குடிநீர்த் தொட்டியின் மோட்டார் அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. கார்டில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. லினக்ஸின் மேல் வார்டு இருந்தது.

பெட்டி ஆறு வருடங்களாக நிமிடத்துக்கு ஒரு தடவை 'தண்ணீர் இருக்கிறது' என்று கார்டில் எழுதி வந்தது. இந்த வகைக் கார்டுகள் எழுத எழுதத் தேயும். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, மாவட்டத்திலிருந்து வந்த பொறியாளர், இனி இதைப் படிக்க மட்டும் செய்யலாம் என்று பூட்டிவிட்டுப் போனார். அதன்பின் வார்டில் நடந்ததெல்லாம் பெட்டியின் தற்காலிக நினைவில்தான் நடந்தது. சின்ன மின்வெட்டுகளைப் பேட்டரி தாங்கியது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நீளும் மாதாந்திர மின்தடையைத் தாங்கவில்லை. கரண்ட் திரும்பும்போது வார்டும் அந்தச் செவ்வாய்க்கிழமையாகவே திரும்பி வரும். புது கார்டுக்கு டெண்டர் கோரியிருந்தார்கள். நகராட்சி அலுவலகம் ஏழாவது வார்டில் இருந்ததால் கோப்பு மாதாமாதம் காணாமல் போனது.

மோட்டார் ஆபரேட்டர் அஞ்சுகத்தின் வீடு எட்டாவது வார்டில். ஆகவே அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் அண்ணன் தவசி ஏழாவது வார்டுக்காரர். அஞ்சுகம் தன் மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் தம்பி பெயருக்குக் கீழே அண்ணன் பெயரைப் போட்டுவிட்டாள் என்று, அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். அஞ்சுகம் மாதாமாதம் பழத்தட்டோடு நடையாய் நடந்து, இருபது நாளில் அவரைப் பேச வைப்பாள். பிறகு மின்தடை வரும். பதினான்கு தடவை ஆயிற்று.

இந்த மாதம் நேற்றுதான் பேசினார். இன்று மின்தடை. அஞ்சுகம் பூட்டைத் திறந்து கார்டைச் சோதித்தபோது, இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம், அதில் ஒரு வீடு இன்றிருக்கிறபடியே கொள்ளும் என்று தெரிந்தது. எழுத நான்கு நிமிடம் ஆகும். பாதியில் கரண்ட் போனால் பழைய வீடும் இருக்காது, புதிய வீடும் இருக்காது.

எட்டு ஐம்பதுக்கு ஏழாவது வார்டுக் கவுன்சிலர் பரிமளா மூச்சிரைக்க வந்தார்.

"அஞ்சுகம், என் வீட்ட எழுதும்மா. இந்த மாசம் ஏழு கிலோ எறங்கியிருக்கேன்."

"போன மாசமும் ஏழு கிலோதாங்க்கா."

"அதத்தான் சொல்றேன். நீ சொல்றதப் பாத்தா நூறு கிலோ எறங்கியாச்சு. ஒரு கிராம் நிக்கல."

அஞ்சுகம் அண்ணனுக்குப் போன் போட்டாள். எழுதும்போது ஆள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"டீக்கடையில."

"ஓடிப் போயி வீட்ல அசையாம உக்காருங்க."

"என்னைய உக்காரச் சொல்ல நீ யாரு? பத்திரிகையில பேரு போடறப்ப..."

"அண்ணே, கோவம் ஒன்பது மணிக்கு மேல வரட்டும். கால்ல விழறேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி கிரீச்சிட்டது.

"உக்காந்துட்டேன். சிரிக்கலாமா?"

"லேசா."

பரிமளா மணியைப் பார்த்தார். எட்டு ஐம்பத்து நான்கு. "உங்கண்ணனையே எழுது, போ. எறக்குறதுக்கு எனக்கு அடுத்த மாசம் இருக்கு" என்றார்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு எழுதி முடிந்தது. அஞ்சுகம் தெருவைத் தாண்டி எட்டாவது வார்டில் கால் வைத்தாள். ஒன்பதுக்கு ஏழாவது வார்டு அணைந்தது. அது இல்லாத நேரத்தில் அவள் துணி துவைத்து, ஒரு தூக்கமும் போட்டாள்.

ஐந்துக்கு வார்டு வந்தது. அதிகம் தேயாத இடமாகப் பார்த்து எழுதுவது கார்டின் வழக்கம். வார்டில் அப்படி மிச்சமிருந்தது குடிநீர்த் தொட்டியின் உச்சி. அண்ணனின் ஓட்டு வீடு, முருங்கை மரத்தோடு அங்கே இருந்தது. அண்ணன் வாசலுக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார். லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு! ஏன் அங்கயே நிக்கிற? மேல வா, அண்ணி தோசை ஊத்துறா. வர்றப்ப ஒரு கொடம் தண்ணி கொண்டாந்துரு. இங்க தண்ணி ஏறல."

அஞ்சுகம் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள்.