அறுபது டன் காகிதம்

“கிலோவுக்கு நாலு ரூபா குறைச்சுக்கறேம்மா. உங்களுக்கு மட்டும்.”

“இன்னா சார், அந்த ‘மட்டும்’தானே கேஸே. இன்னும் அதையே சொல்லிக்கினு இருக்கீங்க?”

கும்மிடிப்பூண்டி காகித ஆலையின் விற்பனை மேலாளர் அன்புசெல்வன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காக்களூரில் துர்காதேவியின் அட்டைப்பெட்டிப் பட்டறை வாசலில், தகரக் கூரையின் நிழல் எட்டாத இடத்தில் நின்றிருந்தார். உள்ளே நாற்காலி சும்மாதான் கிடந்தது. அவள் அதை இழுத்துப் போடவில்லை.

போன வருஷம் அவள் கணவன் பரசுராமன் இதே மனிதரைப் பார்க்க ஆலை வாசலில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றான். கடைசியில் கார் கண்ணாடி விரலளவு இறங்கியது. “கட்டுப்படியாகலன்னா பெட்டிக்கடை வைய்யா.” கண்ணாடி ஏறிவிட்டது.

பெட்டிக்கான பழுப்புக் காகிதம் இந்தப் பக்கம் அந்த ஆலையில்தான் கிடைக்கும். துர்காதேவிக்குக் கிலோ முப்பத்தெட்டு. தெருக்கோடியிலிருந்த பெரிய பெட்டிக் கம்பெனிக்கு முப்பத்து நாலு. அவள் பெட்டி செய்ய ஆகும் செலவுக்கும் கீழே அவர்கள் பெட்டியை விற்றார்கள். அவளுடைய மூன்று இயந்திரங்களில் இரண்டின்மேல் தார்ப்பாய் விழுந்தது.

கேட்டால் ஆலை சொன்ன பதில் ஒன்றுதான்: மாசம் ஐம்பது டன் எடுத்தால் யாருக்கும் அந்த விலை.

“நிறைய வாங்குறவனுக்குக் குறைக்கிறதைச் சட்டம் பெரும்பாலும் தப்புன்னு சொல்லாது,” என்றாள் வக்கீல் வைஜயந்தி. “இந்த ஐம்பது டன் கணக்கு வெறும் சாக்குன்னு அவங்க வாயாலயே வரணும்.”

துர்காதேவி ஆறு சின்னப் பட்டறைகளைச் சேர்த்தாள். ஏழு பேருக்குமாக அறுபது டன், ஒரே ஆர்டர், முழுப் பணமும் முன்கூட்டி. அன்புசெல்வன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் மெயில் அனுப்பினார்: ‘அந்த விலை அந்த நிறுவனத்துக்கு மட்டும். எத்தனை டன் வாங்கினாலும் மற்றவர்களுக்குக் கிடையாது.’

அதை அவள் பதினோரு முறை படித்தாள். காதல் கடிதத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை. போன வாரம் ஆலைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. இன்று ஆள் வந்து நிற்கிறது. வியாபாரத்தில் பாரபட்சம் காட்டுகிறவர்களை விசாரிக்கும் டெல்லி போட்டி ஆணையத்துக்கான மனு கையெழுத்தோடு மேசைமேல் இருந்தது.

“நாலு ரூபா குறைஞ்சா திங்கட்கிழமையே மூணு மெஷினும் ஓடும்மா.”

உண்மைதான். தார்ப்பாய்க்குக் கீழே இயந்திரங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

“மத்த ஆறு பேருக்கும் அதே விலையா?”

“அது... எங்க கம்பெனி ஒத்துக்காதும்மா.”

“அதையும் எழுதிக் குடுங்களேன் சார். நீங்க நல்லா எழுதுறீங்க.”

பசை வாளிக்குப் பின்னாலிருந்து பரசுராமன் சிரித்துவிட்டான். ஒரு வருஷத்தில் முதல் சிரிப்பு. அது போதும் அவளுக்கு. மெயில் பிரதியை மனுவோடு சேர்த்து உறைக்குள் போட்டாள். பெட்டி ஒட்டுகிற பசையைத் தொட்டு வாய்மடிப்பில் மெதுவாக, ரசித்துத் தடவினாள்.

அன்புசெல்வன் ஓரடி முன்னால் வந்தார். நிழல் அப்போதும் எட்டவில்லை.

“மனு போடுங்கம்மா, வேணாங்கல. அந்த மெயிலை மட்டும் வெளிய எடுத்துடுங்க. கீழ என் பேர் இருக்கு. கம்பெனி மொத்தப் பழியையும் என் தலையில கட்டிடும்... பசை காயறதுக்குள்ள எடுத்துடுங்கம்மா, ப்ளீஸ்.”