ஒரு மீட்டர் கேபிள்

அக்காவின் கணவர், என் மாமா, என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தால் கதவைத் தள்ளமாட்டார், உதைப்பார். அன்றும் உதைத்துக்கொண்டுதான் வந்தார். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கேபிளோடு என் மேசையில் பொத்தென்று போட்டார். பின்னால் என் அக்கா, கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நின்றாள்.

“டாக்டரம்மா, உன் அக்கா இதைக் கீழ போட்டுக் கொன்னுட்டா. என்னோட ஆறு மாச வேலை உள்ள இருக்கு. நாலு மணிக்குள்ள வேணும். வரலைன்னா வீட்டுக்குப் போய் அவளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் வாயைத் திறந்தால் மூடாதவள் அவள். இப்போது, “கை தவறிடுச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

டிஸ்க்கை என் லினக்ஸ் கணினியில் மாட்டி, உள்ளே நடப்பதை வரிவரியாகக் காட்டும் கெர்னல் பதிவைத் திறந்தேன். டிஸ்க் தெரிந்தது. அடுத்த நொடி படிப்பதில் பிழை என்றது. பிறகு தொடர்பே அறுந்தது. மறுபடி தெரிந்தது, மறுபடி அறுந்தது.

“ரிப்பேர் கமாண்ட் ஒண்ணு இருக்குமே, அதைப் போடு” என்று மாமா என் தோளுக்கு மேல் மூச்சு விட்டார்.

“நோயே தெரியாம ஆபரேஷன் பண்ணச் சொல்றீங்க. டிஸ்க்குல எழுதினா மிச்சமும் போயிடும். கொஞ்சம் சும்மா இருங்க மாமா.”

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை. கீழே விழுந்து செத்த டிஸ்க் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்காது. அப்போது என் முழங்கை கேபிளில் பட்டது, திரையில் தொடர்பு அறுந்தது. வேண்டுமென்றே இன்னொரு முறை தட்டினேன். மறுபடி அறுந்தது.

வேறு கேபிளை மாட்டினேன். பதிவு அமைதியானது. படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்தேன். அவருடைய ஆறு மாதமும் பத்திரமாக இருந்தது. அப்பாடா, அக்கா தப்பித்தாள் என்று நினைத்தேன்.

பிறகுதான் பழைய கேபிளைக் கையில் எடுத்தேன். நான் வாங்கிக்கொடுத்த கேபிள் அது. கனமானது, மேலே நூல் பின்னியது. ‘பத்து வருஷம் ஆனாலும் அறுக்க முடியாது’ என்று பீற்றிக்கொண்டு கொடுத்தேன். ஒரு முனை, யாரோ உள்ளங்கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்ததுபோல் நசுங்கிக் கிடந்தது. மறுமுனையில் உலோக வாயின் ஒரு மூலை வளைந்திருந்தது. அந்த வாய்க்குள் காய்ந்த பழுப்புக் கறையும் ஒரு நீள முடியும் இருந்தன.

அக்காவின் சட்டைக் கை கொஞ்சம் மேலேறியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு நீள்சதுரக் காயம். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை நான் சொருகிப் பிடுங்கும் வடிவம் அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கேபிளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “டிஸ்க்குல ஒரு கோளாறும் இல்ல. கேபிள்தான். இதை வச்சு என்ன பண்ணினீங்க மாமா?”

மாமா பாய்ந்தார். டிஸ்க்கின் மேல் அல்ல, கேபிளின் மேல். சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் தரையில் விழுந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அந்த ஆறு மாத வேலையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் முழங்கை என் வாயில் இறங்கியது. ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. கேபிளை அக்காவிடம் எறிந்தேன்.

அவள் அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். “குடுடி!” என்று அவள் தலையை மேசை விளிம்பில் மோதினார். அவள் கொடுக்கவில்லை. விரல்களைப் பின்பக்கம் மடக்கினார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அவள் போட்ட அலறலில் தெருவே திரும்பியிருக்கும், ஆனால் கை மட்டும் திறக்கவில்லை.

மேசையில் பொருள்களை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த கனமான இரும்புப் பிடிகருவியைத் தூக்கி அவர் முழங்காலில் போட்டேன். சரிந்தார். இன்னொரு அடியும் போட்டேன். பொய் சொல்லமாட்டேன், அந்த இரண்டாவது அடிக்கு அவசியமே இல்லை. அதுதான் எனக்கு இனித்தது. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் ஓடிவந்து அவர் முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா யாருக்கும் கையைத் திறக்கவில்லை. “ரெண்டு விரல் உடைஞ்சிருக்கு, கட்டுப் போடணும்மா” என்று டாக்டர் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். பெண் போலீஸ் வந்த பிறகுதான் அக்கா, நல்ல கையால் உடைந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கேபிளை எடுத்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கை வரைக்கும் அந்தச் சின்ன நீள்சதுரங்கள்தான்.

உலோக வாயை ஒரு காயத்தின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

“இது நேத்து” என்றாள் போலீசிடம். அடுத்ததில் வைத்தாள். “இது போன வாரம்.”

மேலே, ஆறிப்போன ஒரு தழும்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இது நீ சாப்பிட வந்துட்டுப் போன அன்னிக்கு.”

அன்றைக்கு என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டது மாமாதான்.