உறைக்கிணற்றில் ஊறிய தண்ணீர்

ரஹமத்துன்னிசா மூன்றாவது வாளியைச் சேந்தி அண்டாவில் கவிழ்த்தபோது, அப்பாவின் அண்ணனான பெரியத்தா நசீர் அகமது கொல்லைப்பக்கம் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நீ உள்ள போம்மா. ஆம்பளைங்க வந்து சேந்திக்குவாங்க."

"இன்னும் கொஞ்சம்தான் பெரியத்தா."

"உங்கத்தா மய்யித்து கூடத்துல கெடக்குது. வயசுப் புள்ள இங்க நின்னு தண்ணி எறச்சினு இருந்தா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"அவரக் குளிப்பாட்டத்தான எறைக்கறேன்."

கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் விட்டுவிட்டார். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவுக்கு அப்பால் போகாத மனிதருக்குச் சாவு வீட்டில் மட்டும் அதிகாரம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். பந்தல்காரனை விரட்ட முன்பக்கம் போனார்.

அவளுடைய அத்தா பக்ருதீன், செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், அன்று விடிகாலையில் முனிசிபாலிட்டி குழாயடியில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். எப்படி விழுந்தார் என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். குழாயடிக்கு ஏன் போனார் என்பதுதான் ரஹமத்துன்னிசாவுக்குப் புரியவில்லை. அந்த எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் தெருவே குடத்தோடு குழாயடியில் தவம் கிடந்தது உண்மை. ஆனால் அவர்கள் வீட்டு உறைக்கிணற்றில்தான் தண்ணீர் இருந்ததே. அம்மாவிடம் கேட்டதற்கு, ரசியா பேகம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் ரஹமத்துன்னிசாவின் தீசிஸ் நின்றது. கிண்டியில் எம்.இ., நீர்வளப் பொறியியல். மலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்று இரண்டு வருஷமாக டேப்பும் கையுமாக அலைந்திருக்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஹாஸ்டலிலிருந்து வருவாள். அத்தா ஒரு சைக்கிளில், அவள் ஒரு சைக்கிளில், மலை சுற்றும் பாதையில் கிளம்பிவிடுவார்கள். பக்ருதீன் மகள் கிணறு கிணறாக எட்டிப் பார்க்கிறாள், என்ன கஷ்டமோ என்று ஊர் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருவரும் மிதித்தார்கள்.

இந்த வருஷம் அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் வரை அத்தனை கிணறும் வற்றின. அவர்கள் வீட்டுக் கிணறு மட்டும் ஏறியது. நம்பும்படி இல்லையே, மறுபடி பார் என்று புரொபசர் சிவப்பு மையில் எழுதினார். அவள் விடவில்லை. மலையடிப் பாறையில் ஒரு வெடிப்பு இருக்க வேண்டும், அது வழியாகத்தான் இந்தக் கிணற்றில் ஊறுகிறது என்று வாதாடி, அதற்கென்று ஓர் அத்தியாயமே எழுதினாள். டைப் அடித்தாகிவிட்டது. மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும்.

பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுச் சரசு இரண்டு குடங்களோடு வந்தாள்.

"அண்ணனோட கொடம் ரஹமத்து. குழாயடியிலயே கெடந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாசி மாசத்துலேருந்து பாக்கறேன், தெனம் இவருதான் மொத ஆளு. கொடம் கொடமா தூக்கினு போவாரு. வூட்ல கெணத்துத் தண்ணி கீதே, இன்னாத்துக்கு அண்ணான்னு கேட்டா சிரிப்பாரு."

ரஹமத்துன்னிசா குடங்களைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும் உறைக்கிணறு. ஒரு குடம் ஊற்றினால் எத்தனை விரற்கடை ஏறும் என்று கணக்குப் போட எம்.இ. படிக்க வேண்டியதில்லை.

உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெணத்துல அத்தாதான் ஊத்தினாரா?"

ரசியா பேகம் முக்காட்டை விலக்கினாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. மாசியில நீ மொகம் செத்துப் போய் வந்த. எல்லாக் கெணறும் காஞ்சி போச்சுன்னு சோறு கூட எறங்கல உனக்கு. நம்ம கெணறும் காஞ்சிட்டா புள்ளைய ஃபெயிலாக்கிடுவாங்கன்னு பயந்துட்டாரு."

"காஞ்சிருந்தா காஞ்சிருச்சுன்னு எழுதறதுதாம்மா என் வேலை."

"அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அடுத்த தபா நீ வந்து அளந்துட்டு, நம்ம கெணறுதான் அத்தா என்னைக் காப்பாத்தப் போவுதுன்னு குதிச்ச. அதுக்கப்புறம் அவரால நிறுத்த முடியல."

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்காத அத்தாமேல், குதித்த தன்மேல், சரியாகச் சொன்ன அந்தச் சிவப்பு மையின்மேல். பாறை வெடிப்பாம். பத்து பக்கம் எழுதியிருக்கிறாள்.

நிலைப்படியில் நசீர் அகமது நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அப்ப உன் படிப்புதான் என் தம்பியத் தின்னுருக்கு."

கூடத்திலிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள்.

"போதும்மா. எல்லாத்தயும் மூட்ட கட்டி வெச்சுடு. நாப்பது நாளு முடியட்டும், நல்ல எடமா நானே பாக்கறேன்."

அவர் சொன்னதைப் பொய் என்று தள்ள அவளால் முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"ஆமா பெரியத்தா. என் படிப்புக்குத்தான் செத்தாரு. இப்ப நான் அத பாதியில வுட்டுட்டா, அவரு எதுக்குச் செத்தாருன்னு நீங்களே சொல்லுங்க."

பெரியத்தா திரும்பிக்கொண்டார். உடலைச் சுற்றும் கஃபன் துணி வந்துவிட்டதா என்று யாரையோ கேட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அவள் மறுபடி கிணற்றடிக்குப் போனாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்ச ஓர் அண்டா, அலச ஓர் அண்டா, கடைசியில் ஊற்ற ஓர் அண்டா. எல்லாம் நிரம்பின. கொல்லையில் வேட்டிகளைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வாளியாக நீட்டினாள். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. போதும் என்றார்கள். அவளுக்குப் போதவில்லை. மிச்சத்தைச் சேந்திச் சரசு வீட்டுத் தொட்டியில் ஊற்றினாள். அடி மணலில் வாளி உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் கயிற்றை விட்டாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பிய நசீர் அகமது ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. ஆள் மாறவில்லை.

"நாப்பது வரைக்கும் யாரும் வாசப்படி தாண்ட வேணாம்."

"அம்மாவுக்கு இத்தா இருக்கு, நாலு மாசம் பத்து நாளு அவங்க உள்ளதான் இருப்பாங்க," என்றாள் ரஹமத்துன்னிசா. "மகளுக்கு மூணு நாள்தான் துக்கம். போன வருஷம் சாந்த் பாஷா மாமா வூட்ல, அவரு மவ நாப்பது நாள் மொடங்கிக் கெடந்தப்ப, மூணுக்கு மேல மார்க்கத்துல எடமில்லன்னு சத்தம் போட்டது நீங்கதான்."

சத்தம் போட்டது அவர்தான். அந்தத் தெருவே கேட்டிருந்தது. டீயை ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டே இருந்தார்.

"நாலாம் நாள் மொத பஸ்ல போறேன்."

"தனியாவா?"

"ரெண்டு வருஷமா தனியாத்தான போறேன்."

வெயில் தணிந்ததும் அலமாரியிலிருந்து டேப்பை எடுத்தாள். ரசியா பேகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு ஊத்தினது இந்த வூட்டோட போவட்டும். எழுதினது எழுதினபடி இருக்கட்டுமேம்மா. உங்க பெரியத்தாவும் வெளிய சொல்ல மாட்டாரு."

ஆசையாகத்தான் இருந்தது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால், எல்லோரும் எழுதுவதைப் போல இன்னொரு தீசிஸ். புரொபசர் முன்னால் போய் நிற்க வேண்டும். டைப் அடித்ததை மறுபடி அடிக்க வேண்டும்.

"அத நம்பி நாளைக்கு எவனாச்சும் கடன வாங்கி இங்க கெணறு வெட்டுவாம்மா."

"அப்ப இன்னா எழுதுவ?"

"காஞ்ச கெணறுன்னு எழுதுவேன். கெணத்துக்காரர் தண்ணி ஊத்தினாரு, அதனால முன்னாடி எடுத்த அளவு செல்லாதுன்னு எழுதுவேன். பேரு போட்டு."

"அவரு பேரா?"

"அவரு பேருதான்."

ரசியா பேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதவள், மகளுக்குப் பின்னால் கிணற்றடி வரைக்கும் வந்தாள். அளக்கும்போது கிணற்று விளிம்பில் டேப்பைப் பிடித்துக்கொள்வது எப்போதும் பக்ருதீன்தான்.

"எங்க புடிக்கணும்?"

கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் போட்ட கோட்டை ரஹமத்துன்னிசா காட்டினாள். ரசியா பேகம் டேப்பை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள். டேப்பின் நுனியில் கட்டிய குண்டு அவள் விரலுக்கடியில் டேப்பை இழுத்துக்கொண்டு இறங்கியது. அடியில் மணலைத் தொட்டதும் டேப் துவண்டது. ரஹமத்துன்னிசா கோட்டில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு குண்டை மேலே இழுத்தாள். அம்மாவின் விரலுக்கு அடியிலிருந்து டேப்பை உருவிச் சுருட்டினாள்.

"ஆச்சும்மா," என்றாள்.

ரசியா பேகம் கோட்டின்மேல் கட்டைவிரலை அழுத்தியபடியே நின்றிருந்தாள்.