மூச்சுக்குழியில் விழுந்த மோதிரம்

எங்கள் ஹர்கிதா மலை நெருப்பைக் கக்குவதை நிறுத்தி யுகங்கள் ஆகின்றன. மூச்சு விடுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. பாறையில் இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கிறது. கரியமில வாயுதான் அந்த மூச்சு; ஊற்றில் கலந்தால் சோடா மாதிரி புளிப்புத் தண்ணீர். பள்ளத்தில் தேங்கினால் மூச்சுக்குழி.

காட்டு ஓரத்தில் அப்படி ஒரு குழிக்கு நான்தான் பொறுப்பு. மேலே மரக்கொட்டகை, உள்ளே இறங்கும் மரப்படிகள். முழங்கால் வலிக்காரர்கள் படியில் உட்கார்ந்து இடுப்பு வரை அந்தக் காற்றில் ஊறிவிட்டுப் போவார்கள். ஊறினாலும் நனையாது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தலை போகக் கூடாது. போனால் தீக்குச்சியும் அணையும், ஆளும் அணைவான்.

அன்று காலை பொரோகா வந்திருந்தாள். விடியுமுன்னே மலையேறி, காட்டில் நாவல் நிறத்தில் காய்க்கும் சின்னப் பழங்களைப் பறித்துச் சாலையோரம் விற்கிற பெண். பழ வாளியையும், பழத்தை வாரும் பல் வைத்த மரச்சீப்பையும் வாசலில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். எதிர்ப் படியில் டேனெஷ் மாமா, தன் இரண்டு முட்டிகளையும் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் லோராண்ட் உள்ளே வந்தான். மர லாரி ஓட்டுகிறவன், பயம் என்றால் என்ன என்று கேட்கிற ரகம். பொரோகாவிடம் இரண்டு முறை கல்யாணம் கேட்டு, இரண்டு முறையும் 'மாட்டேன்' வாங்கியவன். காரணம் ஊருக்கே தெரியும். கரடிக்குட்டியைப் படம் எடுக்கப் போய், அதன் தாய் துரத்த, லாரிக்கு மேலே ஏறித் தப்பித்தவன் அவன். "எனக்குப் புருஷன் வேணும், கல்லறைக்குப் பூ வைக்கிற வேலை வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த முறை சொல்வதுதான் கடைசிப் பதில் என்றும் சொல்லியிருந்தாள்.

"இங்கயா கேக்கப்போற?" என்றார் டேனெஷ் மாமா. "ஏன்டா, வேற இடமே கிடைக்கலையா?"

"வெளிய கேட்டா எழுந்து போயிடறா மாமா. இங்க நேரம் முடியற வரைக்கும் உக்காந்துதான ஆகணும்!"

பொரோகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் தலைக்கேறியது. இரண்டு படி இறங்கி அவள் முன்னால் நின்றான். பையிலிருந்து மோதிரத்தை எடுத்தான். முறைப்படி முட்டி போடப் போனான்.

"முட்டி போடாத!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

திடுக்கிட்டு நிமிர்ந்தான். மோதிரம் கையிலிருந்து நழுவி, படிப்படியாகத் துள்ளி, குழியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே மினுக் மினுக்கென்று நன்றாகவே தெரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒரே முக்குதான்க்கா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு..." என்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான்.

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அவன் தோளுக்கு என் பிடி எந்த மூலைக்கு? டேனெஷ் மாமா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். பொரோகா முகம் வெளுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அவளைப் பார்த்தான். கன்னம் உப்பியபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டு ஒரு படி மேலே ஏறினான்.

"கெடக்கட்டும். மலையே போட்டுக்கட்டும்" என்றான். "நான் குனியல. பொரோகா, மோதிரம் இல்லாமத்தான் கேக்கணும்போல. கேக்கட்டுமா?"

"கொஞ்சம் இரு" என்று எழுந்து வெளியே போனாள்.

"போச்சுடா, இன்னைக்கும் எழுந்து போயிட்டா" என்றார் மாமா.

ஆனால் திரும்பி வந்தாள். கையில், வாசலில் சாத்தியிருந்த என் நீளக் காம்பு வைக்கோல் வாரி, அதன் நுனியில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பழச்சீப்பு. மேல்படியில் நிமிர்ந்து நின்றபடியே குழிக்குள் நீட்டித் துழாவினாள். முதல் வாரலில் ஒரு புகைக்குழாய் வந்தது.

"அட, என்னோடது! போன வருஷம் தொலைஞ்சது!" என்று மாமா துள்ளினார். முட்டிவலி எங்கே போனதோ!

அடுத்த வாரலில், சீப்பில் ஒட்டியிருந்த பழத்தோலோடு மோதிரம் வந்தது. பொரோகா துடைக்கக்கூட இல்லை. அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"முட்டி போட்டுத்தான் கேக்கணும்னா வெளிய வந்து போடு."

நானும் மாமாவும் பின்னாலேயே போனோம். விடுவோமா? ஊசியிலை மரத்தடியில் லோராண்ட் நின்றான். சட்டென்று முட்டி போட்டுவிடவில்லை. முதலில் செவ்வெறும்புப் புற்று ஏதாவது இருக்கிறதா என்று தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். காலால் சருகைத் தள்ளி, மறுபடியும் பார்த்தான்.

அவன் முட்டி தரையைத் தொடுவதற்குள் பொரோகா விரலை நீட்டிவிட்டாள்.