வெள்ளவத்தை முகவரி

1.
இந்தக் கதையை ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். மாலைநேரச் சிங்கள மொழி வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவர், இடைவேளையில் மாடிப்படியில் நின்று தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்ததைக் கேட்டேன். மிச்சத்தைப் பிறகு அவரே சொன்னார். பெயரை யோகேஸ்வரி என்று மாற்றியிருக்கிறேன். சஞ்சிகைக்குத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: யோகேஸ்வரி நேர்மையான அதிகாரி; இருபத்துநான்கு வருடமாக—

(நிறுத்தினேன். பிரியாவிடை மலரில் எழுதுகிற மாதிரி இருக்கிறது.)

2.
ஓர் அமைச்சின் சம வேலைவாய்ப்புப் பிரிவில் யோகேஸ்வரிக்கு இருபத்துநான்கு வருடம். ஊர், இனம், மதம் பார்த்து ஆளை ஒதுக்காதீர்கள் என்று கம்பனி கம்பனியாகப் போய்ச் சொல்வதே வேலை. எல்லோரும் தலையாட்டுவார்கள், பற்றிஸும் தேநீரும் கொடுப்பார்கள், சேர்ந்து நின்று படம் எடுப்பார்கள்.

போன வருடம் ஜிந்துப்பிட்டியிலிருந்து இராமலெட்சுமி முறைப்பாட்டோடு வந்தாள். நல்ல பெறுபேறு. பதினொரு விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைப்பில்லை. ஜிந்துப்பிட்டி கொழும்பின் ஏழைப் பகுதி; வெள்ளவத்தை மாதிரிக் கம்பனிகள் மதிக்கிற வசதியான முகவரி அல்ல. படிவத்தை எடுக்க யோகேஸ்வரியின் கை போனது. அது எந்தெந்த மேசையில் எத்தனை மாதம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். களைப்பாக இருந்தது.

"வெள்ளவத்தையில ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ பிள்ளை?"

"சித்தி இருக்காங்க மிஸ்."

"அப்ப அந்த அட்ரஸைப் போடும்."

(இங்கே அவரைக் கொஞ்சம் தயங்க வைத்திருந்தேன். தயங்கவில்லை என்று அவரே சொன்னதால் வெட்டிவிட்டேன்.)

பத்து நாளில் அழைப்பு வந்தது. வேலையும் கிடைத்தது.

3.
வேலையை நிரந்தரமாக்கும்போது, வசிக்கும் இடத்தை உறுதிப்படுத்தும் கிராம சேவகர் சான்றிதழைக் கம்பனி கேட்டது. அதில் ஜிந்துப்பிட்டி. பொய் முகவரி என்று விசாரணை வைத்துவிட்டார்கள், வருகிற புதன்கிழமை. நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க அமைச்சிலிருந்து ஒருவரை அனுப்பும்படி அவர்களே கேட்டிருக்கிறார்கள். போகப்போவது யோகேஸ்வரி.

உண்மையைச் சொன்னால், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் அவர்மேல் விசாரணை. சொல்லாவிட்டால் இராமலெட்சுமிக்கு வேலையில்லை.

மாடிப்படியில் நான் கேட்டது ஸ்பீக்கரில் வந்த இராமலெட்சுமியின் குரலைத்தான். "நீங்க பயப்படாதீங்க மிஸ். ஒங்க பேர சொல்லமாட்டேன்."

நன்றி சொல்வதா, ஏசுவதா என்று தெரியாமல் யோகேஸ்வரி "ஓம்" என்றுவிட்டார்.

4.
முடிவு அ: அவர் எழுந்து, நான்தான் போடச் சொன்னேன் என்கிறார். ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். அதனாலேயே நம்பவில்லை.

முடிவு ஆ: விசாரணை நியாயமாக நடந்தது என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். இது நன்றாக வந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டையும் அவரிடமே காட்டினேன். ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். எப்போது கொடுக்கப் போகிறேன் என்று கேட்டார். திங்கள் என்றேன்.

"விசாரணை புதன்," என்றார்.

பொறுத்திரு என்றாரா, கொடுக்காதே என்றாரா, தனக்கு முன்னால் நீ சொல்லிவிடு என்றாரா— கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நான் கொடுத்துவிட்டேன். திங்களா, வியாழனா என்று எழுதமாட்டேன். அந்த அறையில் யோகேஸ்வரியை நீங்களே இருத்திப் பாருங்கள். எதிரே இராமலெட்சுமி இருக்கிறாள். யார் போடச் சொன்னது என்று மூன்றாம் முறை கேட்கிறார்கள். அவள் இன்னும் பெயர் சொல்லவில்லை.