பெலுசார்திகள் நாற்பத்து மூவர்

சூசைதாசனுக்குப் பொய் எழுத வராது. பொய் சொல்ல வரும், அது யாருக்குத்தான் வராது? நேற்றைய மீனை இன்று விடியப் பிடித்தது என்று சந்தையில் சத்தியம் பண்ணுகிறவர்களோடு பிறந்து வளர்ந்தவர்தான் அவரும். ஆனால் பேனாவைத் தொட்டால் கை வேறு ஆளுடையதாகிவிடும். குருநகருக்குக் கிழக்கே ஒரு சின்னக் கோயிற்பற்றில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்து, ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதி எழுதிப் பிடித்துக்கொண்ட வியாதி அது. ஒரு தகப்பன் தன் குழந்தை பிறந்த நேரம் "ஒரு நாலு மணி இருக்கும்" என்றானாம். ஒரு நாலு மணி என்று ஒரு நேரம் உலகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, வெய்யிலில் மருத்துவிச்சி வீடு வரை நடந்துபோய் விசாரித்து வந்து மூன்று ஐம்பது என்று எழுதினார். இப்படிப்பட்ட மனிதரின் மேசைக்குத்தான் அந்த இத்தாலிக் கடிதம் வந்து சேர வேண்டுமா?

வந்தது எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனி மாதம். பங்குச் சுவாமியான சவிரிமுத்து சுவாமிக்குத்தான் விலாசம் போட்டிருந்தது. அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம் என்று உபதேசியாரிடம் தள்ளிவிட்டார்.

எழுதியவர் எத்தோரே பெலுசார்தி. இத்தாலியின் வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே நகரசபையில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். வயது எழுபத்தொன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய ஆங்கிலம். இளைப்பாறிய நாளிலிருந்து மனிதர் ஒரே ஒரு வேலைதான் செய்கிறார். தன் குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று எண்ணுகிறார். முந்நூறு வருடத்துக்கு முன் ஓர் ஆற்றங்கரையில் மாவரைக்கும் ஆலை வைத்திருந்த ஒரே வீட்டுக்காரருக்கு அமைந்த பெயராம் அது. அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாதாம். இப்போது இத்தாலியில் பதினேழு பேர், ஆர்ஜென்டினாவில் இரண்டு பேர். ஆக இளையவருக்கே நாற்பத்தொரு வயது, அவருக்கும் பிள்ளை இல்லை. பழைய வேதபோதகப் பத்திரிகை ஒன்றில் யாக்கோமோ பெலுசார்தி என்ற குருவானவர் உங்கள் ஊரில் இறந்ததாகக் கண்டேன், அவருடைய கல்லறை இருக்கிறதா, அந்தப் பெயரை அங்கே யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு முடித்திருந்தார்.

நினைவில் வைத்திருக்கிறார்களாவா? நல்ல கேள்வி!

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறில் வாந்திபேதி வந்து ஊரே கிடையாய்க் கிடந்தபோது, சொந்தச் சனமே பக்கத்தில் போகப் பயந்த வீடுகளுக்குள் போய், நோயாளிகளைத் தோளில் சுமந்து, செத்தவர்களுக்குத் தானே குழி வெட்டி, கடைசியில் தானும் அதிலேயே செத்துப்போனவர் அந்தச் சுவாமியார். அப்போது வயது முப்பத்து நாலு. கல்லறை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அன்றிலிருந்து ஊரில் எந்த ஆண்குழந்தைக்குக் கடுமையாக வருத்தம் வந்தாலும் தாய் அந்தக் கல்லறையில் நேர்த்தி வைப்பாள். பிழைத்தால் உங்கள் பெயர் என்பாள். யாக்கோமோ என்றால் யாகப்பு. ஊரில் ஏற்கெனவே பதினொரு யாகப்பு இருந்து, ஒருவரைக் கூப்பிட்டால் பதினொருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சனம் பின்பெயரை எடுத்துக்கொண்டது. அது குடும்பப் பெயரா என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தன் பெயர் முன்னே போகும், பாட்டன் பெயர் கழன்றுவிடும். நூற்றுப் பதினெட்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

சூசைதாசன் இரண்டு கிழமை வீடு வீடாகப் போய் எண்ணினார். மன்னாரில் மீன் வாடியடித்துத் தங்கியிருந்த ஒருவனையும், கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் நின்ற ஒருவனையும், முந்தின ஞாயிறு ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். அவருடைய ஒரே மகனும் அதில் ஒருவன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவது அவர் பழக்கம். கல்லறை இருக்கிறது, பெயர் மறக்கப்படவில்லை, தற்போது இந்தக் கோயிற்பற்றைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பெலுசார்திகள் உயிரோடு இருக்கிறார்கள், பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. சூசைதாசன் பெலுசார்தி, அடைக்கலநாதன் பெலுசார்தி, தேவராசா பெலுசார்தி என்று தட்டச்சில் அடித்த ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

ஆவணி மாதம் மறுமொழி வந்தது. ஆறு பக்கம். நடுவில் சில இடத்தில் மை கலங்கியிருந்தது. அது தன் கண்ணீர் என்று எத்தோரே எழுதியிருந்தார். தபால் பையில் மழை பட்டிருக்கும் என்று சூசைதாசன் நினைத்தார்.

இத்தாலிக்காரர்களுக்குத் தங்கள் பெயர் முன்னே, குடும்பப் பெயர் பின்னே. அந்தப் பட்டியலை அவர் அப்படித்தான் வாசித்திருந்தார். பத்தொன்பதோடு முடிகிறது என்று நினைத்த வம்சம் இப்போது அறுபத்திரண்டு என்று ஊர்க் கோயிலில் மணி அடிப்பித்தாராம். நான் குறுகிய மனம் உள்ளவன் அல்ல, யாக்கோமோ இளைஞர், வீட்டை விட்டு வெகுதூரத்தில் இருந்தவர், அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன் என்று போய், அந்தப் பெண் யார் என்று மட்டும் சொல்லுங்கள், வம்ச அட்டவணையில் அவளுடைய இடம் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

கலியாணம் கட்டாத சுவாமியாருக்குப் பிள்ளையா என்று சூசைதாசனுக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பத்தொரு வருடம் அந்தக் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்திய கை! ஐயா, உங்கள் கடிதம் ஒரு புண்ணிய ஆத்துமாவுக்குச் செய்த அவமானம் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியும்விட்டார். ஆனால் ஆறாம் பக்கத்தின் கடைசிப் பந்தி அவரை விடவில்லை. என் வீட்டில் ஏழு அறை வெறுமையாகக் கிடக்கிறது, உங்கள் நாட்டுச் செய்தியை வானொலியில் கேட்கிறேன், இளைஞன் ஒருவனை என்னிடம் அனுப்புங்கள், நாற்பது வருடம் பத்திரங்களோடு சீவித்தவன் நான், வேண்டிய எல்லாவற்றையும் எடுத்துத் தருவேன் என்று எழுதியிருந்தது.

மகன் பெலுசார்திக்கு அப்போது பத்தொன்பது வயது. இந்தக் கடிதம் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஆமி நடத்திய கடற்கரைச் சுற்றிவளைப்பில், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இடத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் விட்டார்கள். வந்தவன் நன்றாகத்தான் சாப்பிட்டான், நன்றாகத்தான் படுத்தான். இடக் காது மட்டும் கேட்கவில்லை.

அவருடைய மனைவி லூர்த்தம்மா முற்றத்தில் காரல் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கடிதத்தின் முழு விவரத்தையும் அவர் சொன்னார். அவள் கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் எழுதுவது சாவான பாவம் என்றார். செத்த குருவானவர் மேல் எழுதுவது அதிலும் பெரிது என்றார். அவள் ஓம் ஓம் என்றாள். உண்மையை எழுதி இன்றைக்கே தபாலில் போடப் போகிறேன் என்று அவர் எழும்பியபோதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இடப்பக்கத்தாலை ஜீப் வந்தால் பிள்ளைக்குக் கேளாது."

எழும்பியவர் திரும்ப இருந்துவிட்டார்.

அப்படியே எழுதுவதென்றாலும் அந்தப் பெண் என்று யாரைப் போடுவது என்று கேட்டார். இல்லாத ஒருத்தியின் பெயரை எழுத அவர் கை ஓடாது. இருந்த ஒருத்தியை எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு மானக்கேடு. லூர்த்தம்மா மீன் சட்டியைக் கழுவி ஊற்றிவிட்டு, தன் பாட்டியின் தாய், பூட்டி மதலேனம்மாவைப் போடச் சொன்னாள். பூட்டி பேதிக் காலத்தில் இருந்தவள், விதவை, எங்கள் ஆள், எங்கள் மானம், வேறு ஒருவருக்கும் நட்டமில்லை என்றாள். கடிதம் எழுதுகிற உங்களுக்கு ஏன் அந்தப் பின்பெயர் இல்லை என்று இத்தாலிக்காரர் கேட்டால், பிள்ளைக்குத் தாய்வழி வந்த பெயர் என்றும் சொல்லலாம் என்றாள். சூசைதாசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தும் அவளுக்கு இவ்வளவு மூளை என்று அவருக்குத் தெரியாது.

எழுதினார். பெண்ணின் பெயர் மதலேனா, பிள்ளை ஒன்று, ஆண். கோயில் முத்திரையையும் குத்தினார். முத்திரை கொஞ்சம் சரிந்துதான் விழுந்தது.

தையில் பத்திரங்கள் வந்தன. மாசியில் பெடியன் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பறந்தான். பங்குனியில் அவனுடைய கடிதம் வந்தது. சுகமாக வந்து சேர்ந்தேன், குளிர், எத்தோரே ஐயா நல்லவர், என்னைப் பார்க்க மற்றப் பதினாறு பேரும் வந்தார்கள், எனக்கு அவர்களுடைய பாட்டனாரின் மூக்கு என்று ஒருவர் கண்டுபிடித்தார், மற்றவர்களும் ஓம் என்றார்கள், காதை வைத்தியரிடம் காட்டப் போகிறோம் என்று எழுதியிருந்தான். லூர்த்தம்மா அந்தக் கடிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். சூசைதாசனும் அழுதார். அப்படி ஒரு சந்தோசம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆனால் அந்தப் பொய்யை எழுதிய புரட்டாதியிலிருந்து அவர் பூசையில் நற்கருணை நன்மை எடுக்கவில்லை. உபதேசியார் நன்மை எடுக்காவிட்டால் ஊர் கவனிக்கும். முதலில் வயிற்றுக்குள் சரியில்லை என்றார். ஆறு மாதமாக ஒரு வயிறு சரியில்லாமல் இருக்குமா? தவக்காலத்தில் ஒருநாள் சவிரிமுத்து சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினார். சுவாமி முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரையும் அப்படித்தான் என்றார். ஞாயிறு பூசையில் சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், அதுதான் அபராதம்.

ஞாயிறு சொன்னார். தோய்த்த வேட்டி கட்டி, பீடத்துக்குக் கீழே நின்று, திகதி தவறாமல் ஒழுங்காகச் சொன்னார். எங்கள் சுவாமியாருக்கு ஒரு பிள்ளை இருந்ததாக நான் இத்தாலிக்கு எழுதினேன், அது பொய், என் மகனுக்காக எழுதினேன், சுவாமியார் பரிசுத்தர், என்னை மன்னியுங்கள். ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கல்லறைப் பக்கம் பார்த்தார்கள்.

மத்தியானம் சாப்பிடாமல் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆண்கள் திரண்டு வருவார்கள், அடிப்பார்கள், உபதேசியார் வேலையும் போகும் என்று கணக்கான முடிவுக்கு வந்திருந்தார்.

முதலில் வந்தது அடைக்கலநாதனின் மனைவி சிசிலியா. கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மகனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். படியில் இருந்துகொண்டு, மதலேனம்மாவுக்குச் சுவாமியாரால் எத்தனை பிள்ளை என்று எழுதினீர்கள் என்று கேட்டாள். ஒன்று என்றார். சிசிலியா யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்று காணாது என்றாள்.

சூசைதாசன் கதிரையில் நிமிர்ந்தார். பூசையில் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லையா, அந்த ஆத்துமாவின் மேல் இன்னும் எவ்வளவு ஊத்தையைப் பூசச் சொல்கிறாய் என்று கத்தினார். சிசிலியா பத்திரத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பேதிக் காலத்திலை எங்கடை சனத்தைத் தோளிலை தூக்கித் திரிஞ்சவர், அண்ணை. உடுப்பிலை ஊத்தை படுதெண்டு அண்டைக்கு அவர் ஒருத்தரையும் இறக்கி விடேல்லை."

சூசைதாசன் பத்திரத்தைக் கையில் எடுத்தார். எத்தோரேக்கு வயது எழுபத்திரண்டு, ஒரு கிழவன் எத்தனை பேரைக் கூப்பிடுவார் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அதை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள் என்றாள். அவளுக்குப் பின்னால் படலையடியில் தேவராசாவின் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர்.

மேசையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டார். பெயர், தகப்பன், வயது, இப்போதிருக்கும் விலாசம் என்று கோடு கீறினார். ஐந்து மணியாவதற்குள் சுவாமியாருக்கு ஏழு பிள்ளைகள். இவ்வளவு பிள்ளையும் ஒருத்திக்கா, இன்னொரு பெண்ணைச் சேர்த்தால் நம்பும்படி இருக்குமே என்று யாரோ சொன்னதற்கு லூர்த்தம்மா உள்ளேயிருந்து வந்து, தன் பூட்டியைத் தவிர வேறு ஒருத்தியும் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு றோஸ் வந்தாள். அவளுடைய பெலுசார்திக்கு இருபத்தொரு வயது. மார்கழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவன் இங்கே இல்லை என்றார்கள். தெற்கே கொண்டு போனதாக ஒரு கதை, கொண்டு போகவே இல்லை என்று இன்னொரு கதை. அவள் இருக்கவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் மகனையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள்.

சூசைதாசன் பெயரை எழுதினார். தகப்பன் பெயரை எழுதினார். வயதை எழுதினார். நாலாவது கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. தலையை நிமிர்த்தாமலே, இப்போதிருக்கும் விலாசம் கேட்கிறார்கள், பிள்ளை, என்றார்.

"வீட்டு விலாசத்தைப் போடுங்கோ, அண்ணை. வந்தால் அங்கைதானே வருவான்."

அவர் எழுதினார். எழுதியதை அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். ஒழுங்கை இலக்கம் சரி என்றாள்.