பெஞ்சமின் சொன்ன சாட்சி

தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலராக இருந்த பெஞ்சமின் ஆண்டவரிடமும் ஆபீஸ் தமிழில்தான் பேசுவார். "மேற்கண்ட விண்ணப்பங்களைத் தேவரீர் கனிவுடன் பரிசீலித்து" என்று ஒருநாள் ஜெபத்தில் வந்தேவிட்டது. கண்ணை மூடியிருந்த மனைவி ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கரூரிலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நாள் முதல், செம்மேடு ஊரில் எடுத்த வாடகை வீட்டில் சாயங்காலம் ஏழு மணி என்றால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனம், பிறகு பெஞ்சமின். அவர் ஆரம்பித்தால் ரசம் ஆறிவிடும், அப்பளம் நமுத்துவிடும். வீட்டாரிடம் நேரில் சொல்லவேண்டியதையெல்லாம் ஆண்டவர் வழியாக அனுப்புவது அவர் வழக்கம். "ஆண்டவரே, குழாயைத் திறந்து போட்டுவிட்டு போனில் பேசுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும். கணக்கில் குறைந்த மார்க் வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும்." கண்ணை மூடியிருப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாது. முடிவில் ஆமென் வேறு சொல்லவேண்டும். திட்டும் வாங்கி, வாங்கியதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிற ஏற்பாடு.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஜெனிபர் இப்படி ஆமென் சொல்லியே வளர்ந்தவள்.

ஆடிக் காற்றில் பெஞ்சமினுக்குத் தொண்டை கட்டியது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது. அடுத்து பெஞ்சமின் பேசவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை. ஸ்டெல்லா ஜெபம் செய்யலாமா என்று யோசிப்பதற்குள் ஜெனிபர் பேசினாள்.

"அப்பா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா. கிளாஸ்ல என் பேரக் கூப்பிட்டா நெஞ்சு அடிச்சுக்குது. கையெல்லாம் நடுங்குது. மூச்சே வர மாட்டேங்குது. செத்துப்போயிருவனோன்னு பயமா இருக்கு."

குரல் இருந்திருந்தால் பெஞ்சமின் அப்போதே பயத்தைப் பற்றிப் பத்து வசனங்களை எடுத்து வீசியிருப்பார். இல்லாததால் கையை நீட்டி மகளின் தலைமேல் வைத்தார். அவள் அந்தக் கைக்குக் கீழேயே கொஞ்ச நேரம் அழுதாள். ஸ்டெல்லா நகர்ந்து வந்து அவள் முதுகைத் தடவினாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. அன்று ஜெனிபர் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. எந்த வாத்தியார் பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொல்வார், ஊருக்குப் போய்விட்ட தோழி கோகிலா எதற்காகப் பேசுவதை நிறுத்தினாள் என்று தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பெஞ்சமின் தலையை ஆட்டிக் கேட்டார். காலையில் தலை பின்னும்போது அவள் பாட்டு முணுமுணுப்பது அவர் காதில் விழுந்தது.

பிறகு தொண்டை சரியாகிவிட்டது. வந்த வினை அதுதான்.

குரல் வந்த சேதி கேட்டதும் பாஸ்டர் பிலிப் வீடு தேடி வந்தார். "பிரதர், வர்ற வாரம் குடும்ப ஞாயிறு. 'கிறிஸ்தவக் குடும்பமும் பிள்ளைகளின் மனநலமும்'னு தலைப்பு. நீங்கதான் பேசணும். உங்க ஊட்டு ஜெபத்தைப் பத்தி மலைக்கே தெரியுமுங்களே!"

"நான் என்னத்தைங்க பேசறது, பாஸ்டர்" என்றார் பெஞ்சமின். எந்தச் சட்டையைப் போடுவது என்று மனசு அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தது.

சபையின் கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் உண்டு. ஒன்று கடைவீதியைப் பார்த்தது, இன்னொன்று மிளகுத் தோட்டங்களைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சமின் மைக்கைப் பிடித்தார். குடும்பம் ஒரு நாற்றங்கால் என்றார். பிள்ளைகள் ஒட்டுக்கன்றுகள் என்றார். துறை மானியம் பற்றிப் பேசுகிறாரோ என்று பின்வரிசை நர்ஸ் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்ததும் பெஞ்சமினுக்குப் பொறுக்கவில்லை. சொந்த அனுபவத்திலிருந்து ஒரு சாட்சி சொன்னால்தான் சபை விழிக்கும்.

"எனக்கு மிகவும் தெரிந்த ஒரு பிள்ளை" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேறு யாரும் அல்ல, இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிற என் மகள்தான்!"

சபை விழித்துக்கொண்டது. நெஞ்சு அடித்தது, கை நடுங்கியது, மூச்சு நின்றது, சாவு பயம், கோகிலா, எதையும் விடவில்லை. "குடும்ப ஜெபத்தில் அந்தப் பயம் பறந்தது!" என்றபோது அல்லேலூயா கிளம்பிக் கடைவீதிக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் போனது. ஜெனிபர் குனிந்து துப்பட்டா ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்மை என்று நினைத்தார். ஸ்டெல்லா அவரையே பார்த்தாள். நெகிழ்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் மரவள்ளி மூட்டையோடு நின்ற பெருமாயி, ஜெனிபரைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"ஏங்கண்ணு, உனக்குத்தான் மூச்சு முட்டுதாமா? ரேடியோல கேட்டாப்பல அத்தனையும் கேட்டுதே! பயப்படாத சாமி. எம்மருமவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுனோம். வேணும்னா உனக்கும் வாங்கியாரட்டா?"

பாசமாகத்தான் கேட்டாள். கூட நின்ற பிள்ளைகள் சிரித்தன.

அன்று சாயங்கால ஜெபத்தில் ஜெனிபர் இருப்பதிலேயே சின்ன வசனத்தைச் சொல்லி முடித்தாள்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுமா கண்ணு?" என்றார் பெஞ்சமின்.

"எல்லாம் நல்லா இருக்குங்கப்பா. ஸ்தோத்திரம்."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ஊர்க்கூட்டத்துக்கு வந்த அதிகாரியிடம் குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று சொல்கிறவர்களின் குரல் அது. அந்தக் குரலை பெஞ்சமின் நிறைய கேட்டிருக்கிறார். தன் வீட்டிலேயே கேட்க நேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

காலாண்டுப் பரீட்சையன்று பள்ளியிலிருந்து ஸ்டெல்லாவுக்கு போன் வந்தது. ஜெனிபர் பரீட்சை அறைக்குள் போக முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லா போய் அழைத்து வந்தாள். அம்மாவும் மகளும் சமையலறையில் வெகுநேரம் பேசினார்கள். பெஞ்சமின் வாசற்படி வரை போனார். பேச்சு நின்றது. தண்ணீர் குடிக்க வந்தவர்போல ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன சொன்னா?" என்று பிறகு ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னா" என்றாள் ஸ்டெல்லா. "நாமக்கல்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம், மனசுக்குப் பாக்கறவங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்றைய ஜெபத்தில் பெஞ்சமின் கண்ணை மூடினார். "ஆண்டவரே, ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியில் போட்டு உடைத்த தகப்பனை மன்னியும்..."

"அப்பா."

கண்ணைத் திறந்தார். ஜெனிபர் கண்ணை மூடவே இல்லை.

"அவர்கிட்டச் சொல்லாதீங்க. என்கிட்டச் சொல்லுங்க."

மைக்கே இல்லாமல் நானூறு பேருக்குக் கேட்கும்படி பேசக்கூடியவருக்கு, எதிரே ஒரு முழ தூரத்தில் இருந்த பெண்ணிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்பது மட்டும் ஒருவழியாக வந்தது.

"சரிங்கப்பா" என்றாள். தட்டு எடுத்து வைக்க எழுந்து போனாள்.

காலையில் நாமக்கல் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட வந்தார். "நானும் வாரனே, லீவு போட்டுக்கறேன்" என்றார் ஜன்னலோரம்.

"வேண்டாம்பா. ஆபீஸ்ல எதுக்கு லீவுன்னு கேப்பாங்க" என்றாள் ஜெனிபர். குத்திக்காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. உண்மையாகவே அதைப் பற்றித்தான் பயந்தாள். அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பஸ் கிளம்பி முதல் வளைவில் மறைந்தது. பின்னாலிருந்து பாஸ்டர் பிலிப்பின் குரல் வந்தது.

"பிரதர், அம்மாவும் பொண்ணும் எங்க கிளம்பிட்டாங்க? ஏதாச்சும் விசேஷங்களா? சொல்லுங்க, சபையில ஜெபத்துல வெச்சுக்கலாம்."

பெஞ்சமினின் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க பாஸ்டர். துணி எடுக்கப் போறாங்க."

சொல்லிவிட்டு வளைவைப் பார்த்தார். மகள் காதில் விழவேண்டிய ஒரே வார்த்தை அது. பஸ் இந்நேரம் எத்தனையோ வளைவு கீழே இறங்கியிருக்கும்.